தங்கையனுக்கு ரிவர்ஸ் வராது

தங்கையனுக்கு லாரி ஓட்டத் தெரியும். ரிவர்ஸ் எடுக்கத்தான் வராது. நன்னிலம் பக்கம் இருபத்திரண்டு வருஷம் டிராக்டர் ஓட்டியவர். வாய்க்கால் கரையில் டிரெய்லரை மாட்டிக்கொண்டு ஒரு சாண் பிசகாமல் பின்னால் வந்து களத்தில் நிறுத்தியவர். அப்படிப்பட்ட ஆள் நாற்பத்தேழு வயதில் 'எல்' போர்டு மாட்டிய லாரியில் உட்கார்ந்து திருதிருவென்று முழித்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? கூட லாரி கற்றுக்கொண்டவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

ஹெவி லைசென்ஸ் ஆசை அவருக்கு வந்ததில்லை. மகள் அனுராதாவுக்காக எடுக்க வந்தார். கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கிற பெண். வீட்டில் அவளும் அவரும்தான். அது வேண்டும் இது வேண்டும் என்று கேட்டே அறியாதவள் ஒருநாள் வாய்விட்டுக் கேட்டாள்.

"அந்த வண்டியை விட்டுடுப்பா. வாசல்ல சத்தம் கேட்டாலே எனக்கு வயித்தைப் பெரட்டுது."

கூத்தாநல்லூர் அரிசி மில்லில் லாரி டிரைவர் வேலை இருந்தது. லைசென்ஸோடு வந்தால் சாவியை வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். பொங்கலுக்குள் டிராக்டரை விட்டுவிடுகிறேன் என்று மகளிடம் சொல்லிவிட்டார் தங்கையன்.

டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொடுத்த சித்தீக் அவரைவிடப் பத்து வயது சின்னவர், நல்ல மனுஷர். கியர், திருப்பம், பாலம், சந்தைக் கூட்டம் எதிலும் குறை சொல்ல முடியவில்லை. ரிவர்ஸில்தான் வம்பு வந்தது. டிராக்டரில் திரும்பிப் பார்த்தால் போதும், லாரிக்கு நேர் பின்னால் என்ன இருக்கிறதென்று எந்தக் கண்ணாடியிலும் தெரியாது. பின்னால் ஓர் ஆள் நின்று 'வரலாம், வரலாம்' என்று குரல் கொடுப்பார். அந்தக் குரலை நம்பி டிரைவர் எடுக்க வேண்டும். லாரித் தொழில் முழுக்க அந்த நம்பிக்கையில்தான் ஓடுகிறது.

முதல் டெஸ்டில் 'வரலாம்' என்று குரல் வந்ததும் தங்கையன் கதவைத் திறந்து இறங்கிப் பின்னால் போய்விட்டார். பிரேக் இன்ஸ்பெக்டருக்கு ஒன்றும் புரியவில்லை.

"ஏங்க, டெஸ்ட் நடுவுல எங்க போறீங்க?"

"பின்னாடி யாராச்சும் இருக்காங்களான்னு பாக்கறேன் சார்."

"அதுக்குத்தானே அங்க ஒரு ஆள் நிக்கிறாரு?"

ஃபெயில். இரண்டாவது டெஸ்டில் இறங்கவில்லை. ஆனால் லாரியும் நகரவில்லை. கிளட்சை மிதித்த கால் மிதித்தபடியே இருக்க, பின்னாலிருந்தவர் தொண்டை வற்றக் கத்தினார். அதுவும் ஃபெயில்.

காரணம் ஊருக்குத் தெரியும். ஆறு வருஷத்துக்கு முன் ஒரு சம்பா நடவின்போது, நடவு ஆட்களை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு தங்கையன் ஊர் திரும்பினார். அவர் மனைவி ஈஸ்வரியும் அதில் ஓர் ஆள். பள்ளிக்கூடம் லீவு என்று அனுராதாவும் வந்திருந்தாள். எல்லோரும் ஏறியாயிற்று என்று நினைத்து டிரெய்லரில் இருந்து 'போலாம்பா' என்று குரல் கொடுத்தது அவள்தான். வாய்க்காலில் சேற்றைக் கழுவிவிட்டு வந்த ஈஸ்வரி அப்போதுதான் ஒரு காலைத் தூக்கி வைத்திருந்தாள். தங்கையன் வண்டியை எடுத்தார். ஈஸ்வரி சறுக்கிச் சக்கரத்தடியில் விழுந்தாள்.

போலீஸிடம் அவர் சொன்னது ஒரே வாக்கியம்: "யாரும் சொல்லல, நானாத்தான் எடுத்தேன்." டிரெய்லரில் இருந்த அத்தனை பெண்களும் அதையே சொன்னார்கள். பதினைந்து வயதுப் பெண் தலையில் இந்தப் பாரம் ஏறக்கூடாது என்று யாரும் கூடிப் பேசாமலே ஊர் முடிவெடுத்துவிட்டது. கேஸ் நடந்து அபராதத்தோடு முடிந்தது. வீட்டிலும் அந்தப் பேச்சை அவர் எடுத்ததில்லை. பெண்ணுக்கு அதெல்லாம் மறந்திருக்கும் என்று நம்பினார். நல்ல மனசுக்காரர்கள் செய்கிற தப்பை யார்தான் திருத்துவது?

மூன்றாவது டெஸ்டில் பாஸ் பண்ணிவிட்டார், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். சொல்ல வேண்டியது அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நடந்தது.

அன்று சித்தீக் அவரை மைதானத்தில் பழக்கிக்கொண்டிருந்தார். அனுராதா சாப்பாடு கொண்டுவந்தாள். சித்தீக் வெளியூர்க்காரர், கதை தெரியாது. நல்ல யோசனை என்று நினைத்துச் சொன்னார்.

"நீ பின்னாடி நின்னு குரல் குடும்மா. மக சொன்னா அப்பா நம்புவாரு."

தங்கையன் வேண்டாம் என்பதற்குள் அவள் பின்னால் போய்விட்டாள். அவர் ரிவர்ஸ் கியரைப் போட்டுக் காத்திருந்தார். குரல் வரவில்லை. இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கிப் போனார். அனுராதா புல்லில் குந்தியிருந்தாள், இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு.

"நான் சொல்ல மாட்டேம்ப்பா. அன்னைக்குச் சொன்னது போதாதா?"

அவர் வாயில் அந்தப் பழைய வாக்கியம் தானாக வந்தது. "யாரும் சொல்லலம்மா. நானாத்தான்..."

"இப்படியே சொல்லிச் சொல்லி என் வாயைக் கட்டிப் போட்டுட்டீங்க எல்லாரும். நான் யார்கிட்டப் போயி அழுவேன்? ஒரு தடவை நீ என்னைத் திட்டியிருக்கலாம்லப்பா?"

மகளைக் காப்பாற்றுவதாக நினைத்து ஆறு வருஷம் அவளைத் தனியாக விட்டிருக்கிறோம் என்பது தங்கையனுக்கு அப்போதுதான் உறைத்தது. பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஆமாம்மா. நீதான் சொன்ன. எனக்கு நல்லாக் கேட்டுச்சு."

அவள் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஓங்கி அழுதாள். தாயின் உடம்பு வாசலில் கிடந்தபோதுகூட அவள் அழுததில்லை. சித்தீக் ஓடிவந்து, பார்த்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றார்.

"அம்மா ஏறிட்டாங்கன்னுதான் நெனச்சேம்ப்பா."

"நானும் அப்படித்தாம்மா நெனச்சேன்."