கோப்பு அலுமாரி அடுப்பு

கிளமென்றுக்கு ஐம்பத்து நான்கு வயது. சுவிற்சர்லாந்தின் இன்டர்லாக்கனில் ஒரு ஹோட்டல் குசினியில் இருபத்தாறு வருடமாகப் பாத்திரம் கழுவுகிறான். அவன் கழுவிய தட்டில் விரலை வைத்துத் தேய்த்தால் கிறீச்சென்று சத்தம் வரும். ஆனால் அந்தத் தட்டில் போகிற எதையும் அவன் சமைத்ததில்லை. ஒரு பொருளையாவது முதலிலிருந்து கடைசிவரை தன் கையால் செய்து பார்க்க வேண்டும் என்ற ஆசை அவனுக்குள் இருந்தது. அதை அவன் தன் அக்கா மரியகொறற்றியிடம் மட்டும்தான் சொல்லியிருந்தான்.

ஹோட்டலில் காலைச் சாப்பாட்டுக்கு வைக்கும், மரத்து நீரைக் காய்ச்சி எடுக்கும் மேப்பிள் பாகு கனடாவிலிருந்து வருகிறது. துன் நகருக்கு மேலே மலைச்சரிவில் அதே இனத்து மரங்கள் நிற்கின்றன என்பதைக் கிளமென்ற் எங்கோ வாசித்து அறிந்தான். நேரே போய், அந்த மரங்களுக்குச் சொந்தக்காரியான திருமதி கெர்பரின் பண்ணைக் கதவைத் தட்டி, நீர் எடுக்க அனுமதி கேட்டான். எழுபது வயதான அவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். புல்வெளி ஓரத்தில் நின்ற பத்து மரங்களைக் காட்டினார்.

“ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும். மரத்தைத் துளைத்து எடுத்த நீரை வீணாகக் கொட்டக் கண்டால், குழாய்களை நானே பிடுங்குவேன். பிறகு இந்தப் பக்கம் வரவேண்டாம்.”

பெப்ரவரி கடைசியில், இரவில் உறைந்து பகலில் உருகும் நாட்களில், மரங்கள் சொட்டத் தொடங்கின. பார்வைக்கு அது வெறும் தண்ணீர். அறுபது லீற்றர் வற்றினால்தான் ஒரு லீற்றர் பாகு கிடைக்கும்.

“உதுக்கேன் யோசிக்கிறாய்? கிடாரம் கிடக்குத்தானே,” என்றாள் கொறற்றி. அந்தோனியார் திருநாளுக்கு நானூறு பேருக்குக் கஞ்சி காய்ச்சும் கிடாரம் அவளுடைய பொறுப்பில்தான் இருந்தது. சனிக்கிழமை கல் வைத்து, கிடாரம் ஏற்றி, காலையிலிருந்து மாலைவரை விறகு தள்ளினார்கள். நீர் நாலு விரற்கடைதான் இறங்கியது. காய்ச்ச முடியாமல் பிளாஸ்டிக் கான்களில் காத்திருந்த நீர், வெயில் பட்டு, புதன்கிழமை பால்போலக் கலங்கிப் புளித்துவிட்டது. நாற்பது லீற்றரையும் கொட்டகைக்குப் பின்னால் கிளமென்ற் கவிழ்த்தபோது, ஜன்னலில் திருமதி கெர்பர் நின்றார்.

வெளியே வந்து ஒரு சொல்தான் சொன்னார். “ஞாயிறு.”

ஞாயிற்றுக்கிழமைக்குள் பாகைக் காட்டாவிட்டால் மரங்கள் இல்லை. கொறற்றிக்கு அன்று சோறு இறங்கவில்லை. கிடார யோசனை அவளுடையதல்லவா.

அடுத்த நாள் இடைவேளையில் கிளமென்ற் போன் எடுத்தான்.

“அக்கா, பிழை கிடாரத்திலைதான்.”

“என்ரை கிடாரத்திலை என்னடா பிழை?”

“அது சூடு ஆறாமல் வைச்சிருக்கச் செய்த சாமான். ஆழம் கூட, வாய் அகலம் காணாது. இப்ப செஃப் மிஞ்சின சூப்பைத் தட்டைப் பாத்திரத்திலை ஊத்தினார். ஒரே ஆவி! கெதியா ஆறட்டும் எண்டு ஊத்துறவை. இருபத்தாறு வருசம் அந்தப் பாத்திரத்தைக் கழுவிறன், இண்டைக்குத்தான் விளங்குது.”

செஃப் கழித்து வைத்திருந்த, மூலை நெளிந்த மூன்று தட்டைப் பாத்திரங்களை அவன் கேட்டு வாங்கினான். வெள்ளிக்கிழமை, தெரிந்த பையன் யோகராஜாவின் வான் வண்டியில், பழைய சாமான் போடும் இடத்திலிருந்து நாலு இழுப்பறை கொண்ட, அலுவலகத்து இரும்புக் கோப்பு அலுமாரி ஒன்று வந்து இறங்கியது.

“கந்தோர் திறக்கப் போறியளோ கிளமென்ற் அண்ணை?” என்று யோகராஜா கேட்டான்.

“ஓம். உன்னைத்தான் முதல் கிளாக்கா எடுக்கிறன். அந்தப் பக்கத்தைத் தூக்கு.”

அடுப்பாக்குவதற்காக இழுப்பறைகளைக் கழற்றி அலுமாரியைக் குப்புறக் கவிழ்த்தார்கள். மேலே வந்த முதுகுத் தகட்டில் பாத்திரங்கள் விளிம்பில் தொங்கும்படி மூன்று வாய் வெட்ட வேண்டும். அளவு கொஞ்சம் கூடினாலும் பாத்திரம் நெருப்புக்குள் விழுந்துவிடும். கொறற்றி சலவைச்சாலையில் படுக்கைவிரிப்புக்கு ஓரம் தைக்கிறவள். தன் தையல் நாடாவால் மூன்று தரம் அளந்து சோக்குக்கட்டியால் கோடு போட்டாள். கிளமென்ற் அந்தக் கோட்டில் மயிரிழை பிசகாமல் வெட்டினான். ஒரு தலைப்பில் விறகு போடும் கதவு, மறு தலைப்பில் புகைக்குழாய். வெறும் அடுப்பை எரித்துப் பழைய பெயின்றைப் போக்கிய பிறகே, சோதனைக்குத் தண்ணீர் ஊற்றிப் பாத்திரங்களை ஏற்றினான்.

முன் பாத்திரம் கொதித்தது. மற்ற இரண்டும் வெதுவெதுப்பாகவே இருந்தன.

கிளமென்ற் பனியில் குப்புறப் படுத்துக் கதவுக்குள் எட்டிப் பார்த்தான்.

“டேய், தலைமயிரைப் பொசுக்காதை. கிடக்கிறதே கொஞ்சம்,” என்றாள் அக்கா.

“நெருப்பு அடியாலை ஓடிக் குழாயுக்குள்ளை போகுது அக்கா. பின்பக்கத்தை உயர்த்தவேணும்.”

அணைத்து, ஆறவிட்டு, பின்பாதி முழுவதும் செங்கல் அடுக்கினான். மறுபடி மூட்டியபோது நெருப்பு செங்கலில் ஏறிப் பாத்திரங்களின் அடியை நக்கிக்கொண்டு ஓடியது. மூன்றும் ஒன்றாகத் தளதளத்தன. கொறற்றி தன்னை அறியாமல் கையைத் தட்டினாள்.

சனிக்கிழமை விடியக் காய்ச்சத் தொடங்கினார்கள். குளிர்ந்த மரத்து நீரை ஊற்றினால் கொதி அடங்கும் என்று, கிளமென்ற் ஹோட்டலின் பழைய தேநீர்க் கொள்கலத்தை அடுப்பின் மேல் நிறுத்தி, அதன் குழாயால் சூடான நீர் நூலாக இறங்கும்படி செய்திருந்தான். நுரை பொங்கியபோது ஒரு துளி வெண்ணெய் போட்டான், அடங்கியது. கொறற்றி மணிக்கு மணி கொப்பியில் அளவு எழுதினாள். அந்த மலையில் தண்ணீர் தொண்ணூற்றேழு பாகையிலேயே கொதிக்கிறது என்று அவன் முதலிலேயே சோதித்திருந்தான். பாகின் பதம் அதற்கு நாலு பாகை மேலே, ஆகவே நூற்றொன்றில் இறக்கினான். நூற்றிருபது லீற்றர், மாலை ஐந்து மணிக்கு இரண்டு லீற்றர் ஆகியிருந்தது. தேன் நிறம்.

ஞாயிறு காலை ஆராதனை முடிந்து திருமதி கெர்பர் தன் கரண்டியோடு வந்தார். ஒரு வாய் வைத்தார். இன்னொரு வாய்.

“எவ்வளவு கொட்டினீர்கள்?”

“நாற்பது லீற்றர். புதன்கிழமை,” என்றான் கிளமென்ற். “அதற்குப் பிறகு ஒரு துளியும் இல்லை.”

அவர் அதை நம்பி நிற்கவில்லை. போய்க் கான்களை ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்தார். எல்லாம் வெறுமையாய், கழுவித் துடைத்து, ஹோட்டல் தட்டைப்போல மின்னின. திரும்பி வந்து அலுமாரியைக் காலால் தட்டினார்.

“இதைப் பனியில் விடாதீர்கள், துருப்பிடிக்கும். முடிந்ததும் கொட்டகைக்குள் தள்ளுங்கள். அடுத்த பெப்ரவரியில் வெளியே இழுக்கலாம்.”

அவர் போனதும் கொறற்றி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓரமாகக் கிடந்த கிடாரத்தைப் பார்த்தாள்.

“அதை வீணா ஏத்திக்கொண்டு வந்தன்.”

“சும்மா இருங்கோ அக்கா,” என்றான் தம்பி. “கஞ்சிக்கு அதை விட்டா வேறை இல்லை. பிடியுங்கோ அந்தப் பக்கம், வானுக்குள்ளை ஏத்துவம்.”