மேவிஸின் வியாழக்கிழமைகள்

மேவிஸ் தோர்ன்லி வாயைத் திறந்தால் பிராக்கன்ஷா நகராட்சியில் ஒலிபெருக்கிக்கு வேலை கிடையாது. பாதி ஆயுளை கூரை போட்ட சந்தைக்குள் சீஸ் கடை போட்டு, "ருசி பாத்துட்டு வாங்குங்க, ருசி பாக்காம ஏமாறாதீங்க!" என்று கூவிக் கூவிக் கழித்தவள். அந்தத் தொண்டை அரசியலுக்கு வந்ததே ஒரு சண்டையில்தான். பள்ளிக்கூட வேலி உடைந்து கிடக்கிறதென்று நகராட்சிக்குப் போய்க் கத்தியபோது, வரவேற்பில் இருந்த மனிதர், "அவ்வளவு அக்கறை இருந்தா நீங்களே தேர்தல்ல நில்லுங்களேன்" என்று கிண்டலடித்துவிட்டார். பாவம், யாரிடம் வாயைக் கொடுக்கிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை. நின்றாள், ஜெயித்தாள், அடுத்த வாரமே வேலி சரியானது.

பிள்ளைகளின் நலனையும் பள்ளிகளின் தரத்தையும் கண்காணிக்கும் குழுவில் அவளைப் போட்டார்கள். யாரும் விரும்பிப் போகிற குழு இல்லை அது. தலையணை மாதிரி அறிக்கை வரும், அதைப் படித்ததாக எல்லோரும் பாவனை செய்ய வேண்டும். முதல் கூட்டத்தில் அதிகாரி பிலிப்பா ஆன்ஸ்டி வண்ண வண்ணப் படங்களைக் காட்டி முடித்ததும் மேவிஸ் கையைத் தூக்கினாள்.

"எல்லாம் ரொம்ப அழகா இருக்கும்மா. இந்தப் பிள்ளைங்கள்ல ஒண்ணையாச்சும் இங்க இருக்கிற யாராவது கண்ணால பாத்திருக்கோமா?"



பெற்றவர்களோடு இருக்க முடியாத பிள்ளைகளுக்கு எங்கள் ஊரில் நகராட்சிதான் தாய் தகப்பன். உறுப்பினராகும் ஒவ்வொருவரும் அதற்குத் தலையாட்டிவிட்டு, மதியச் சாப்பாட்டுக்குள் மறந்துவிடுவார்கள். மேவிஸ் மறக்கவில்லை. "நான் பெத்தது ரெண்டு, நகராட்சி குடுத்தது நூத்திச் சொச்சம்" என்று பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வாள். போன இலையுதிர் காலத்தில் குழுவுக்குத் தலைவியானதும் அவள் செய்த முதல் காரியம், மாதத்தின் கடைசி வியாழக்கிழமைக் காலைக் கூட்டத்துக்கு அந்தப் பிள்ளைகளையே கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசச் சொன்னதுதான். அன்றைக்கு வீட்டிலேயே இஞ்சிக் கேக் சுட்டு, பெரிய தகர டப்பாவில் கொண்டுவருவாள். சின்ன டப்பா உறுப்பினர்களுக்கு.

வருகிறவர்களில் கெய்லி என்ற பதினாலு வயதுப் பெண்மீது அவளுக்குத் தனிப் பிரியம். வளர்ப்பு வீடு மூன்று மாறியும் கெய்லிக்குப் பள்ளி மட்டும் மாறவில்லை. வீடு ஊரின் எந்தக் கோடிக்குப் போனாலும், நகராட்சியின் வேன் காலையில் வாசலுக்கு வந்து, இப்படிப்பட்ட பிள்ளைகளை அவரவர் பழைய பள்ளியிலேயே இறக்கிவிடும். அந்தப் பள்ளியில் அவளுக்கு ஒரு உயிர்த்தோழி இருந்தாள், பேண்டு வாத்தியக் குழுவில் ஊதுவதற்குக் கார்னெட் என்ற சின்ன எக்காளமும் இருந்தது. எங்கள் பக்கத்தில் பேண்டில் இடம் கிடைப்பது சாமானிய விஷயமில்லை.

அந்த வேனை நிறுத்திவிடலாம் என்று இந்த இளவேனிலில் நகராட்சியில் பேச்சு கிளம்பியது. வேன் போனால் கெய்லி வீட்டுக்கு அருகிலுள்ள வேறு பள்ளிக்குப் போக வேண்டியதுதான், தோழியும் இல்லை, கார்னெட்டும் இல்லை. வேனை நிறுத்த வேண்டாமென்று குழு அழுத்திச் சொன்னால் மேலே இருப்பவர்கள் கேட்பார்கள். ஆனால் குழுவில் பாதிப் பேர் கம்பளக் கடைக்காரர் கிளெமென்ட் பாட்டம்லியின் கட்சி. மேவிஸ் மழை பெய்கிறது என்றால், குடையைப் பிடித்துக்கொண்டே வெயில் என்று சாதிக்கிற மனிதர் அவர்.

அந்த வியாழக்கிழமை பிள்ளைகள் ஓரமாகக் கேக்கோடு உட்கார்ந்திருக்க, பிலிப்பா படத்தைப் போட்டாள். வேனில் போகிற பிள்ளைகளின் பள்ளி வருகை போன இலையுதிர் காலத்திலிருந்து சரிந்து கிடந்தது.

"பாத்தீங்களா தலைவரம்மா?" பாட்டம்லி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "வாசலுக்கே வண்டி அனுப்புறோம், அப்பவும் பள்ளிக்கூடம் போறதில்ல. அப்புறம் எதுக்கு அந்த வண்டி? ஊர்வலம் விடவா?"

"உங்க கம்பளத்தைச் சுருட்டுற மாதிரி பிள்ளைங்களையும் சுருட்டி வைக்கலாம்னு பாக்குறீங்களா?" என்று மேவிஸ் பதிலுக்குச் சுடச்சுடக் கேட்டாளே தவிர, உள்ளுக்குள் நொறுங்கிப்போயிருந்தாள். கோடு இறங்கித்தான் இருந்தது, அவள் கண்ணுக்கும் தெரிந்தது. இத்தனை சொல்லியும் இந்தக் கழுதைகள் வகுப்புக்கு மட்டம் போடுகின்றனவே என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"எந்தக் கிழமை போறதில்லைன்னு பாத்தீங்களா பிலிப்பா?"

பிலிப்பா கணினியைத் தட்டினாள். "அது... பெரும்பாலும் வியாழக்கிழமைங்க. மாசக் கடைசியில."

மேவிஸ் மேசையை ஓங்கித் தட்டினாள். தேநீர்க் கோப்பைகள் குலுங்கின. "வியாழக்கிழமை அப்படி என்ன கொள்ளை போகுது? எல்லாம் சேந்து எங்கதான் போகுதுங்க?"

மூலையிலிருந்து கெய்லி, வாய் நிறையக் கேக்கோடு சொன்னாள்.

"இங்கதான் வர்றோம், மேவிஸ் ஆன்ட்டி. நீங்கதானே கூப்பிட்டீங்க."

பிலிப்பாவின் முகம் கழுத்திலிருந்து மேலே சிவந்துகொண்டே போனது. பிள்ளைகளைக் கூட்டத்துக்கு அழைத்த அத்தனை பேரில் ஒருவருக்காவது, நகராட்சி வேலையாக வந்தார்கள் என்று பள்ளிக்கு ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை. ஒவ்வொரு முறையும் பள்ளியில் வரவில்லை என்றே குறித்திருந்தார்கள். அதைவிடக் கூத்து, அவர்களைப் பள்ளிக்கூடம் போகவிடாமல் கூட்டம் நடக்கும் இந்த நகர மன்றத்துக்கு ஏற்றிவந்ததும் அதே வேன்தான். வாசலில் இப்போதும் நின்றுகொண்டிருந்தது.

முதலில் வெடித்துச் சிரித்தது பாட்டம்லி. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "ஐயோ மேவிஸு! அதுங்களைப் பள்ளிக்கூடத்துலேருந்து கடத்திட்டு வந்து, பள்ளிக்கூடம் ஏன் போகலைன்னு மேசையை வேற உடைக்கிறீங்களே!"

மேவிஸ் தலையில் அடித்துக்கொண்டாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "தப்பு என்னோடதுதான். இதுங்களைக் கண்ணால பாக்கணும்னு ஆசைப்பட்டேன். பள்ளிக்கூடம் நடக்கிற நேரம்னு புத்திக்கு எட்டல." எழுந்து நின்று, சந்தைத் தொண்டையை இறக்கிக்கொண்டு சொன்னாள். "என்னை என்ன வேணா சொல்லுங்க. அந்த வண்டி மேல மட்டும் பழியைப் போட்டுடாதீங்க, புண்ணியமாப் போகும்."

பாட்டம்லி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உக்காருங்க, உக்காருங்க. வண்டி ஓடட்டும்னு நானே முன்மொழியறேன். உங்களைத்தான் நிறுத்தணும்."

ஒருவர்கூட எதிர்த்துக் கை தூக்கவில்லை. மேலே இருந்தவர்களும், சொந்தக் குழுவே கெடுத்த கணக்கை வைத்துக்கொண்டு வாதாடவா முடியும், விட்டுவிட்டார்கள். இனிக் கூட்டம் பள்ளி விட்ட பிறகு, மாலை நாலரைக்கு என்று முடிவானது. அது தன் பந்துருட்டு ஆட்டத்தின் நேரம் என்று பாட்டம்லி புலம்பியதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கெய்லி மட்டும் கையைத் தூக்கினாள். "நாலரைன்னா நான் வரமாட்டேன் ஆன்ட்டி. வியாழக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூடத்துல பேண்ட் ஒத்திகை. இவ்வளவு நாளா கூட்டம் காலையில இருந்ததால ஒத்திகையாவது மிஞ்சுச்சு."

மேவிஸுக்குச் சுருக்கென்றது. இந்தப் பெண்ணைப் பார்க்கத்தானே மாதம் பூராவும் காத்திருந்தாள். "வரவே மாட்டியா?"

"கேக் குடுத்தனுப்புங்க. வேன்ல."

அடுத்த மாதம் கூட்டம் நாலரைக்குத் தொடங்கியது. மற்றப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். மூலை நாற்காலி காலியாக இருந்தது. ஆட்டத்தை விட்டுவிட்டு வந்த எரிச்சலில் இருந்த பாட்டம்லி, "எங்க உங்க செல்லம்? வரலையா?" என்று வம்புக்கு இழுத்தார்.

"அவ பள்ளிக்கூடத்துல இருக்கா" என்றாள் மேவிஸ். நகர மன்றம் முழுக்கக் கேட்டிருக்கும். யாருக்காவது காதில் விழாமல் போயிருக்குமோ என்று இன்னொரு தடவையும் சொன்னாள்.