கொடிமலையில் என் அக்கா

பினாங்கிலிருந்து அக்கா அனுப்பிய பட அட்டைகளை வகுப்பில் காட்டி நான் பாடம் நடத்தியிருக்கிறேன். உத்திரமேரூரில் ஓர் ஆரம்பப் பள்ளியில் எனக்கு ஆசிரியை வேலை. மலைமேல் ஏறும் ரயில், கடல் பக்கம் சாய்ந்த தென்னைகள், பத்து மாடி ஓட்டல். அட்டைகள் கைக்குக் கை மாறி ஓரம் மழுங்கித் திரும்பி வரும். பின்பக்கத்தில் இரண்டே வரி இருக்கும். சௌக்கியம், அங்கே எல்லோரும் சௌக்கியமா. எழுத்து அக்காவுடையது இல்லை, மாப்பிள்ளையுடையது. அவளுக்கு நேரம் இருக்காது என்று நாங்களே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டோம்.

மானாம்பதிக்குப் பக்கத்தில் எங்கள் கிராமம். அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். சொந்த நிலத்தில் பயிர் வைப்பவர். அவர் போன தூரமெல்லாம் மெட்ராஸ்தான், அதுவும் நான்கைந்து தடவை இருக்கும். எழுபதுகளின் நடுவில் அக்காவைப் பினாங்கு மாப்பிள்ளைக்குக் கொடுத்தோம். ஓரிக்கையில் அவருக்குச் சொந்தக்காரர்கள் இருந்தார்கள். அவர்கள் நல்லபடியாகச் சொன்னார்கள். அதற்குமேல் யாரும் விசாரிக்கவில்லை.

மூன்றாவது வருஷம் அட்டைகள் நின்றன. நான் போட்ட கடிதங்கள் முத்திரை குத்தித் திரும்பி வந்தன. ஐந்து மாதம் கழித்து ஓர் அட்டை வந்தது. கடற்கரை ஓட்டல் படம். பின்னால் பென்சிலில் அக்காவின் கையெழுத்து: ‘நைனாவ வரச் சொல்லு.’ விலாசம் கிடையாது. பினாங்கு முத்திரை மட்டும் தெரிந்தது.

பாஸ்போர்ட் எடுக்கவே மூன்று மாதம் ஆயிற்று. எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்பதால் நானும் கிளம்பினேன். அம்மா மாடுகளோடு வீட்டில் தங்கினாள். மெட்ராஸ் துறைமுகத்தில் கப்பல் ஏறினோம். வழி முழுக்க நைனா சாப்பிட்டதையெல்லாம் வாந்தி எடுத்தார். அதே கப்பல் சிங்கப்பூர் போய் ஒன்பதாம் நாள் பினாங்குக்குத் திரும்பும். அதில் நாங்கள் ஊர் திரும்புவதாக ஏற்பாடு.

துறைமுகத்துக்குப் பக்கத்துத் தெருவில் மாடியில் ஒரு லாட்ஜ். பலகை வைத்துத் தடுத்த அறை. அடுத்த தடுப்பில் ஒருவர் இருமினால் எங்கள் கட்டில் அதிரும். பையை வைத்துவிட்டு அக்காவின் பழைய விலாசத்துக்குப் போனோம். கீழே கடையும் மேலே வீடுமாக இருந்த கட்டடம். மேல் வீட்டில் வேறு யாரோ குடியிருந்தார்கள். வாசலில் பூக்கட்டிக்கொண்டிருந்த தமிழ்ப் பெண்மணிதான் விவரம் சொன்னாள். மாப்பிள்ளை சிங்கப்பூருக்கு வேலை தேடிப் போகிறேன் என்று பெட்டியோடு போனாராம். திரும்பவே இல்லை. அக்கா ஒரு மாதம் காத்திருந்துவிட்டு, கடற்கரை ஓட்டலில் அறை துடைக்கும் வேலை கிடைத்தது என்று ஒரே ஒரு பையோடு போய்விட்டாள். எந்த ஓட்டல் என்று அந்த அம்மாளுக்குத் தெரியவில்லை.

நைனா என்னைப் பார்த்தார். “எவ்ளோ ஓட்டல் கீதுன்னு கேளு.”

நிறைய இருந்தன. வடக்குக் கரை நெடுகப் பஸ் வளைந்து வளைந்து போயிற்று. ஒரு பக்கம் காடு, ஒரு பக்கம் கண்ணைக் கூசவைக்கும் நீலத்தில் கடல். அட்டைகளில் பார்த்ததைவிட நிஜத்தில் அழகாகத்தான் இருந்தது. அது எனக்குப் பொறுக்கவில்லை. மூன்று நாள் ஒவ்வொரு ஓட்டலாக ஏறி இறங்கினோம். கையில் அக்காவின் கல்யாண போட்டோ. முன்வாசலில் விட மாட்டார்கள், பின்பக்கம் சலவைக்கூடத்துக்குப் போய்க் கேட்போம். ஓர் ஓட்டலில் கடலுக்குப் பத்தடி தள்ளி நீச்சல் குளம் கட்டியிருந்தார்கள். கடலை வைத்துக்கொண்டு எதற்குக் குளம் வெட்டினார்கள் என்று நைனா கேட்டார். எனக்கும் தெரியவில்லை.

மணலில் உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரத் தம்பதியிடம் அவராகவே போய் போட்டோவை நீட்டினார். அவர்களுக்குப் புரியவில்லை. தன்னைப் படம் எடுக்கச் சொல்கிறார் என்று நினைத்து, வேட்டியும் துண்டுமாக நின்ற அவரைக் கடல் தெரியும்படி நிறுத்தி எடுத்தார்கள். நான் ஓடிப் போவதற்குள் கைகுலுக்கி அனுப்பிவிட்டார்கள். யார் வீட்டு ஆல்பத்திலோ என் நைனா இன்னும் அப்படியே நின்றுகொண்டிருப்பார்.

தினமும் டவுனுக்குத் திரும்பி வர முடியாததால், மீனவர் குப்பத்தில் ஒரு மலாய் அம்மாளின் வீட்டில் தங்கினோம். மரக்கால்கள் மேல் நின்ற பலகை வீடு. பின்னறையை வெளியூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விடுவாள். சாயங்காலம் சூரியன் கடலில் இறங்குவதைப் பார்க்க எல்லோரும் கரைக்குப் போனார்கள். நைனா கடலுக்கு முதுகைக் காட்டிப் படியில் உட்கார்ந்திருந்தார்.

“அந்தப் படத்தெல்லாம் கண்ணாடி போட்டு மாட்டலாம்னு நான்தான் சொன்னேன்,” என்றார். “வர்றவன் போறவனுக்கெல்லாம் காட்டிக்கினு இருந்தேன்.”

எனக்கு வகுப்பறை நினைவு வந்தது.

மறுநாள் அட்டையில் இருந்த அதே ஓட்டலைக் கண்டுபிடித்தோம். அதே தென்னைகள், அதே வெள்ளைக் குடைகள். முன்மேசையில் இருந்த பெண் அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இது தீவு முழுக்கக் கடைகளில் விற்பதுதான் என்று தள்ளி வைத்தாள். நைனா அங்கேயே பளபளக்கிற தரையில் உட்கார்ந்துவிட்டார். காவலாளி வந்து எழுப்பினான். நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன், கோபத்தோடுதான் இழுத்தேன். அவருக்கு எழுந்திருக்கத் தெம்பில்லை. கப்பல் வர நான்கு நாள்தான் இருந்தது. இந்தத் தீவில் ஒருத்தியைத் தேட நமக்கு என்ன தெரியும் என்று அப்போது முதல் தடவையாக மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அக்கா உயிரோடு இல்லை என்றே முடிவு கட்டினேன்.

துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த ஒரு தமிழ்ப் பெண்தான் எங்களைப் பார்த்து நின்றாள். போட்டோவை வாங்கிப் பார்த்தாள்.

“இந்த அக்கா ஒரு வாரம் இங்க வேலை செஞ்சாங்க. பாஸ்போர்ட் கையில இல்லைன்னு அனுப்பிட்டாங்க. தண்ணிமலைக் கோயிலுக்குப் போறேன்னாங்க.”

தண்ணீர்மலை டவுனுக்கு வெளியே இருந்தது. அருவியும் பெரிய தோட்டமும் குரங்குகளுமாக, உல்லாசமாகப் பார்க்க வருகிற இடம். அடிவாரத்துச் சத்திரத்தில் பாய் போட்டு நாங்களும் படுத்தோம். அக்கா பத்து நாள் அதே கூடத்தில் படுத்திருந்ததாகச் சத்திரத்துக் கணக்கப்பிள்ளை சொன்னார். சாமி கும்பிட வந்த ஒரு டாக்டர் அம்மாள், கொடிமலை மேலிருக்கும் தன் பங்களாவுக்குப் போன வாரம்தான் அவளை வேலைக்குக் கூட்டிப் போனாராம். அந்த மலையை வெள்ளைக்காரர்கள் பினாங்கு ஹில் என்பார்கள். நான் வகுப்பில் காட்டிய மலை ரயில் அங்கேதான் ஓடிக்கொண்டிருந்தது.

ரயிலில் எங்களைச் சுற்றி எல்லோரும் கேமராவும் கையுமாக இருந்தார்கள். பாதி வழியில் இறங்கி வேறு பெட்டிக்கு மாறவேண்டும். ஏற ஏறக் குளிர்ந்தது. கீழே தீவு முழுவதும் விரிந்தது, கடலுக்கு அப்பால் அடுத்த கரைகூடத் தெரிந்தது. நைனா கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார்.

பங்களாவின் பின்பக்கம் கொடியில் போர்வை உலர்த்திக்கொண்டிருந்தாள் அக்கா. தலைமுடி கொட்டிப் பாதியாகியிருந்தது. எங்களைப் பார்த்தும் போர்வையைக் கீழே போடவில்லை. நனைந்ததைக் கொடியில் போட்டு, ஓரத்தை இழுத்துச் சரி செய்துவிட்டுத்தான் வந்தாள்.

“நீ ஏன் நைனா இப்டி எளைச்சிக்கினு கீற?” என்றாள்.

நைனா அவள் கால்பக்கம் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதார். அக்கா அழவில்லை. என்னிடம்தான் கோபப்பட்டாள், வர ஏன் இவ்வளவு நாள் என்று. விலாசம் எழுதவில்லையே என்று நானும் கத்தினேன்.

“எந்த விலாசத்த எழுதுவேன்? நாளைக்கு எங்க படுப்பேன்னு எனக்கே தெரியாது.”

பாஸ்போர்ட்டை மாப்பிள்ளை கொண்டுபோய்விட்டார். கல்யாணமான புதிதிலிருந்தே கடிதம் எழுத விடாமல், தானே அட்டை வாங்கி எழுதி வந்திருக்கிறார். புதுப் பாஸ்போர்ட் வேண்டுமென்றால் இவள் இன்னார்தான் என்று ரத்த சம்பந்தமுள்ளவர் நேரில் வந்து கையெழுத்துப் போடவேண்டும் என்று தலைநகரில் இருந்த நம் தூதரகத்தில் சொல்லியிருந்தார்கள். அதற்காகத்தான் நைனாவை வரச் சொன்னது. இரண்டு நாள் தலைநகருக்கு அலைந்து மனு கொடுத்தோம். பதில் வர ஆறு வாரமாவது ஆகும் என்றார்கள். கப்பலுக்கு ஒரு நாள்தான் இருந்தது.

அங்கேயே நைனா முடிவு செய்தார். எனக்கு லீவு முடிகிறது, அம்மா சேதி தெரியாமல் கிடக்கிறாள். நான் போகவேண்டும், அவர் இருப்பார். மலைக்குத் திரும்பியதும் டாக்டர் அம்மாளிடம் என்னைப் பேசச் சொன்னார். தோட்ட வேலை செய்கிறேன், பின்னால் இருக்கும் கொட்டகையில் இடம் கொடுத்தால் போதும் என்றார். அந்த அம்மாள் சம்மதித்தார். நைனா அந்த நாட்டில் தங்கும் அனுமதியை நீட்டிக்கும் தாளிலும் அவரே கையெழுத்துப் போட்டார்.

“நைனா, ஒனக்கு இந்த ஊர் பாஷையே தெரியாதே,” என்றேன்.

“களை புடுங்க இன்னா பாஷ? நீ போ.”

ஏழு நாள் கப்பலில் தனியாகத் திரும்பினேன். ஊரில் பஸ் இறங்கியபோது அம்மா நிறுத்தத்திலேயே நின்றிருந்தாள். எனக்குப் பின்னால் யார் இறங்குகிறார்கள் என்று படியையே பார்த்தாள். பஸ் கிளம்பிப் போன பிறகும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். நைனாவையும் அங்கேயே விட்டுவிட்டு வந்த பெண் என்று கொஞ்ச நாள் என் முகத்தைப் பார்க்காமலே சோறு போட்டாள்.

ஒன்பது வாரம் கழித்துத்தான் அவர்கள் வந்தார்கள். நான் மெட்ராஸ் துறைமுகத்துக்குப் போனேன். நைனா உள்ளங்கையில் புதிதாகக் காய்ப்பு ஏறி, குளிர் ஊர்க்காரர் மாதிரி வெளுத்திருந்தார். அக்காவிடம் அதே ஒரு பைதான். உத்திரமேரூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். செங்கல்பட்டு தாண்டியதும் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். நாற்று நட்டாயிற்றா, ஏரியில் எவ்வளவு தண்ணீர் என்று நைனா முன்சீட்டிலிருந்து திரும்பி என்னைக் கேட்டபடியே வந்தார்.

நடுவில் ஒரு தடவை அக்கா கண் விழித்தாள். எந்த ஊர் என்று கேட்டாள். சொன்னேன். இன்னும் எவ்வளவு தூரம் என்றாள். முக்கால் மணி நேரம் என்றதும், சரி என்று மறுபடி தூங்கிவிட்டாள்.