அமைச்சு ஊடாகப் போன விண்ணப்பம்

முழுச் சேவை முடித்து ஓய்வுபெற்ற படையதிகாரி எவரும், விரும்பினால், படையினர் மயானத்தில் அடக்கம் பெறலாம். அதற்கு ஒரு பக்க விண்ணப்பத்தைப் படைத் தலைமையகத்துக்கு நேரே அனுப்பினால் போதும். விதி அவ்வளவுதான். இரண்டு தடவை வாசித்தேன். வாசித்த பிறகும் என் புத்தி அதற்கு ஒரு திருத்தம் போட்டது.

நாங்கள் புலம்பெயர்ந்து வந்து குடியிருந்த லாசால் நகரில் எங்களுக்குக் கீழ்வீட்டில் மகளோடு இருந்தவர் பிலிப்பைன்ஸின் ஓய்வுபெற்ற ஜெனரல். உடுப்புத் தோய்க்கும் அறையில் பழக்கமானோம். தெற்குத் தீவொன்றில் படைக்குத் தலைமை தாங்கியவர். பிறகு விவசாய அமைச்சில் செயலாளர். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன்.

"படையிலை நான் சொன்னால் ஓடுவாங்கள். அமைச்சிலை நான் சொன்னால் குறிச்சுக்கொள்ளுவாங்கள்."

ஆங்கிலத்தில்தான் சொன்னார். எனக்கு ஞாபகம் தமிழில் நிற்கிறது.

தான் கையெழுத்திட்ட வாய்க்காலில் தண்ணீர் ஓடுமுன்னே பதவி போனதைச் சிரித்துக்கொண்டு சொல்வார். படைக்காலத்தைப் பற்றிச் சிரிக்கமாட்டார். ஒரு மலைப்பாதையில் அவருடைய கட்டளைப்படி முன்னே போன சிப்பாய்கள் திரும்பி வரவில்லை. அவர்கள் அந்த மயானத்தில் கிடக்கிறார்கள்.

"அவங்களை அனுப்பிப்போட்டு நான் பின்னாலை நிண்டனான். கடைசியிலயாவது பக்கத்திலை கிடக்கவேணும்."

வேறொன்றும் அவர் யாரிடமும் கேட்கவில்லை.

நான் ஊரில் கச்சேரி என்கிற மாவட்ட அரச அலுவலகத்தில் பிரதம லிகிதராக, தலைமை எழுத்தராக, இருந்தவன். கடைசியாகப் பணிபுரிந்த திணைக்களத்தின் தலைவர் ஊடாக வராத கடிதம் கடிதமே அல்ல என்று எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியவன்.

"நீங்கள் கடைசியா இருந்தது அமைச்சிலை. அமைச்சு ஊடாகத்தான் அனுப்பவேணும், ஜெனரல்."

அவர் யோசித்தார். அமைச்சில் இருந்ததில் அவருக்கும் அந்தப் பழக்கம் பிடித்துவிட்டிருந்தது. "சரிதான். நேரை போனால் மரியாதையில்லை."

தேநீர் கொண்டுவந்த என் மனைவி விதி அச்சிட்டிருந்த தாளை எட்டிப் பார்த்தாள். "இதிலை நேரை அனுப்பச் சொல்லியெல்லோ கிடக்கு?"

"உனக்கு விளங்காது."

"ஓம், எனக்கு விளங்காது. நீங்கள் ரெண்டு பேரும் மூண்டு பிரதி எடுத்துப்போட்டுத்தான் சாவியள்."

ஜெனரலுக்கு மொழிபெயர்த்தேன். மூன்று போதாது, நான்கு வேண்டும் என்றார். நான்கு எடுத்து அமைச்சுக்கு அனுப்பினோம்.

அது செப்டம்பர். ஜனவரியில் அவர் இறந்தார்.

குளிர்காலத்தில் இங்கே நிலம் கல்லாகிவிடும். அவருடைய உடலை வசந்தம்வரை இங்குள்ள மயானத்தின் குளிரறையில் வைத்திருக்க ஒப்புக்கொண்டார்கள். மகள் அதை நல்லதாகவே எடுத்துக்கொண்டாள். பனி உருகுமுன் பதில் வந்துவிடும், அப்பாவை ஊருக்குக் கொண்டுபோகலாம். தலைமையகத்துக்குத் தொலைபேசியும் எடுத்தாள்.

"அப்பான்ரை விண்ணப்பம் அமைச்சிலையிருந்து வரவேணுமாம், அங்கிள். அங்கை ஏற்கெனவே ஒரு கோப்பு திறந்தாச்சாம், ஒரே ஆளுக்கு ரெண்டாவது கோப்பு திறக்க ஏலாதாம்."

சரியான நடைமுறை. அந்தக் கதிரையில் நான் இருந்திருந்தாலும் அதையே சொல்லியிருப்பேன். சொல்லியும் இருக்கிறேன், ஒரு விதவைக்கு.

அமைச்சுக்கு ஐந்து நினைவூட்டல் கடிதங்கள் எழுதினேன். ஐந்தாவதில் 'பணிவுடன்' என்ற சொல்லை எடுத்துவிட்டேன். அதற்கு மேல் கோபத்தைக் காட்ட எனக்குத் தெரியவில்லை.

மே மாதம் மயானத்திலிருந்து அழைத்தார்கள். நிலம் இளகிவிட்டது, இனி வைத்திருக்க முடியாது. பத்தொன்பதாம் திகதி இங்கேயே அடக்கம் செய்தோம். மகள், மருமகன், என் மனைவி, நான். ஒரு பக்கத்துக் கல்லில் பிரெஞ்சுப் பெயர், மறுபக்கத்தில் இத்தாலியப் பெயர். அங்கே அவருக்குத் தெரிந்தவர் ஒருவருமில்லை. மகள் என்னை ஒரு சொல்லும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் விதிகளோடு ஒரு விளக்கம் எழுதியிருப்பேன். அதற்குப் பயந்துதான் கேட்கவில்லையோ தெரியாது.

பிறகு தலைமையகத்திலிருந்து ஒரு கடித உறை, அவருடைய பெயருக்கே. மகள் பிரிக்காமல் என்னிடம் கொண்டுவந்து தந்தாள். அமைச்சு ஊடாகக் கிடைத்த விண்ணப்பம், கிடைத்த அன்றே அங்கீகரிக்கப்பட்டிருந்தது. கடிதம் எங்கள் கைக்கு வந்தது ஜூன் இரண்டாம் திகதி.