குட்டி தேடிய கை

என் வீட்டுக்காரிக்குத் துணியில் ஒரு துளிகூட வீணாகக் கூடாது. நான் தையல்காரன். முன்னறையில் என் மிஷின், பின்னறையில் அவளுடைய துணிப் பொம்மைகள். நான் வெட்டித் தள்ளும் துண்டுகளில் நல்லதெல்லாம் பொம்மைக்குச் சட்டையாகும். மிச்சத்தைப் பொடியாக நறுக்கி வயிற்றுக்குள் அடைப்பாள். நறுக்குவது என் வேலை. இருபது வருஷமாக நறுக்குகிறேன், இன்றைக்கும் வாங்கிக் கட்டிக்கொள்கிறேன். "இவ்ளோ பெரிசு பெரிசா போட்டா வயிறு முடிச்சு முடிச்சா நிக்காதா?" என்பாள்.

முகம் கடைசியில்தான். கை, கால், கம்பளி நூல் முடி எல்லாம் முடிந்தபின் பொம்மையை மடியில் உட்கார வைத்துப் பத்து நிமிஷம் சும்மா பார்ப்பாள். அந்த நேரத்தில் பேச்சுக் கொடுத்தவன் தொலைந்தான். "இதுக்குச் சிரிப்பு வேணாம், இது யோசிக்கிற மூஞ்சி" என்று முடிவு சொல்லிவிட்டுக் கறுப்பு நூலை எடுப்பாள். எனக்கு எல்லாம் ஒரே மூஞ்சிதான். வாயைத் திறப்பேனா?

ஒரு வெள்ளிக்கிழமை, பக்கத்துத் தெரு டீச்சர் தன் நான்கு வயது மகளின் பொம்மையைக் கொண்டுவந்தாள். என் வீட்டுக்காரி செய்து கொடுத்ததுதான். அந்தக் குட்டிக்குத் திங்கட்கிழமை தொண்டையில் ஆபரேஷன்.

"பொம்மை இல்லாம வரமாட்டேங்கறா அக்கா. இந்த அழுக்கோட எப்படி ஆஸ்பத்திரிக்குள்ள கொண்டுபோறது? புதுசு மாதிரி ஆக்கிக் குடுங்க."

ஆக்கினாள். அலசிக் காயப்போட்டு, கண்ணுக்குப் புது நூல் ஓட்டினாள். வலது கையைக் குட்டி கடித்துக் கடித்து நார்நாராக்கி வைத்திருந்தாள். அதை வெட்டிவிட்டு அழகாகப் புதுக்கை தைத்தாள்.

ஞாயிறு காலை தாயும் மகளும் வந்தார்கள். குட்டி பொம்மையின் முகத்தைப் பார்க்கவே இல்லை. நேராக வலது கையைத் தடவினாள். தடவிவிட்டு மேஜைமேல் வைத்துவிட்டாள்.

"இது இல்ல."

"அதேதான்டா கண்ணு. அத்தை குளிக்க வச்சிருக்கேன்."

"அது கை எங்க?"

அழுதிருந்தால்கூடச் சமாதானம் சொல்லியிருக்கலாம். அம்மாவுக்குப் பின்னால் போய் நின்று, "நான் நாளைக்கு வரல" என்றாள்.

"என்னங்க, ஜன்னலோரம் பழைய கை ஒண்ணு எடுத்து வச்சிருந்தேனே?"

நான் அலமாரியைப் பார்த்தேன். துண்டோடு துண்டாக அதையும் நேற்று நறுக்கியிருந்தேன். நறுக்கியதெல்லாம் அலமாரியில் முகமில்லாமல் உட்கார்ந்திருந்த ஏழு பொம்மைகளின் வயிற்றில் இருந்தது. முதுகுத் தையல்கூடப் போட்டாகிவிட்டது.

"உங்களை என்ன செஞ்சா தகும்?" என்றவள், முதல் பொம்மையை எடுத்து முதுகைப் பிரித்தாள். டீச்சர் பதறிப்போய் வேண்டாம் என்றதை அவள் காதில் வாங்கவில்லை. மூன்று பொம்மைகளின் வயிறு தரையில் குவிந்தது. நாலுபேரும் சுற்றி உட்கார்ந்து கிளறினோம். நான்காவது வயிற்றில் குட்டியே கண்டுபிடித்தாள். விரல் நகமளவு துண்டு, அவள் கடித்துக் கடித்து முடிச்சு விழுந்த அந்தக் கைநுனி. நான் பெரிசாக நறுக்கியதால் முழுசாகப் பிழைத்திருந்தது. இதை யாரும் பாராட்டவில்லை என்பது வேறு விஷயம்.

அதைப் புதுக்கையின் முனையில் வைத்துத் தைக்க வேண்டும். இவள் ஊசியை எடுத்ததும் குட்டி முக்காலிமேல் ஏறி, பொம்மையின் இடது கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கொஞ்சமா வலிக்கும். அப்புறம் சரியாயிடும்," என்று அதனிடம் சொன்னாள். "நான் எங்கேயும் போகமாட்டேன். நீ முழிக்கும்போது இங்கயேதான் இருப்பேன்."

டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். என் வீட்டுக்காரியின் கை அப்படியே நின்றது. ஊசியை என்னிடம் நீட்டினாள்.

"நூல் கோத்துக் குடுங்க."

நூல் கோத்துத்தான் இருந்தது. வாங்கிக் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.