தேதி இல்லாத வாய்க்கால்

உறுவையாறு கிராமத்தில் எங்கள் வாய்க்கால் தூர்வாராமல் கிடப்பதற்கு, ஊர் வேலைகளைக் கவனிக்கும் அரசுப் பொறியாளர்தான் காரணம்.

இதை எனக்குக் காட்டியவர் அவர் அலுவலகத்துக் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். ஒல்லியான ஆள். ஒவ்வொரு முறை மவுஸை அழுத்துமுன்னும் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொள்வார்.

அன்று எல்லா வேலைகளையும் நாள்வாரியாகத் திரையில் பட்டைகளாக அடுக்கிக்கொண்டிருந்தார். ரோடு இருந்தது, தெருவிளக்கு இருந்தது, வாய்க்கால் இல்லை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“இன்னாபா, எங்க வாய்க்காலக் காணோம்?”

“லிஸ்ட்ல இருக்குண்ணே. தேதி இல்லாத வேல இந்த டைம்லைன்ல தெரியாது. சாரு இன்னும் தேதி குடுக்கல. மேல இருக்கறவங்க இத மட்டுந்தான் பாக்குறாங்க.”

“மழ வந்தா பயிரு முழுவிடும்டா! நீயே ஒரு தேதியப் போடேன்.”

“நானா போட்டா, அந்தத் தேதி தாண்டனதும் வேல முடிஞ்சிடுச்சின்னு நெனச்சிக்குவாங்க. அப்புறம் ஒருத்தனும் வரமாட்டான்ணே.”

வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவர் கோபப்படவில்லை. தேதி கேட்டு அதுவரை எழுதிய நான்கு கடிதங்களைக் காட்டிவிட்டு, ஐந்தாவதை அடிக்க ஆரம்பித்தார். வாய்க்கால் பக்கம் ஒரு காணி நிலமும் இல்லாதவர் அவர். ஏன் அப்படி எழுதினார் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

பொறியாளரே, ஊர்க்கூட்டத்துக்கு வாருங்கள். அந்த ஐந்து கடிதங்களுக்கும் எல்லோர் முன்னாலும் பதில் சொல்லுங்கள்.