நீலக் கோட்டும் நான் எழுதிய ஏழாவது வரியும்

நாகப்பன் அண்ணன் போய்விட்டார். நேற்றுக் காலை. மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது என்று அவர் மனைவி சரோஜா அக்கா போனில் சொன்னார்.

இந்தக் குழுவில் இருக்கும் மலையேறும் நண்பர்கள் சிலருக்கு அவரைத் தெரியும். ஈப்போ புந்தோங் ஃபிளாட்டில் ரெயின் ஜாக்கெட்டும் கேஸ் ஸ்டவ்வும் டெஸ்ட் பண்ணுகிற அங்கிள்... அவரைக் கேட்டுவிட்டுக் கடைக்குப் போனவர்கள் உண்டு.

அவர் ஒரு மலையும் ஏறியதில்லை. கையுறை ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஏன் டெஸ்ட் செய்தார் என்பது பலருக்குத் தெரியாது.

ஆறு வருடங்களுக்கு முன் அவருடைய ஒரே மகன் தினேஷ் பீடோர் ஊருக்குப் பின்னால் இருக்கும் மலைக்குத் தனியாகப் போனான். வயது இருபத்து நான்கு. இரண்டு நாள் விடாத மழை.

மூன்றாம் நாள் ஒரு மரத்தடியில் உட்கார்ந்த நிலையில் கண்டெடுத்தார்கள். குளிரில் இறந்திருந்தான். கழுத்துவரை பட்டன் போட்ட நீல மழைக்கோட்டு. பக்கத்தில் சின்ன கேஸ் அடுப்பு, பற்றவைக்கப்படாமல். கேஸ் முழுசாக இருந்தது.

பேப்பரில் அந்தச் செய்தியை எழுதியவன் நான்; அப்போது நிருபராக இருந்தேன். மொத்தம் ஏழு வரி. ஏழாவது வரி இது: "போதிய தயாரிப்பின்றி மலையேறியதே மரணத்துக்குக் காரணம் எனத் தெரிகிறது."

ஒரு வாரம் கழித்து அண்ணன் பேப்பரை நாலாக மடித்து எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தார். சத்தம் போடவில்லை.

"அந்தக் கோட்டு நான் குடுத்ததுண்ணே. பத்து வருசமா மோட்டார் சைக்கிள்ல வேலைக்குப் போறப்ப போட்டது. ஒரு சொட்டு உள்ள வராது. புள்ள வெறுங்கையா போகல. தயாரிப்பு இல்லைன்னு எப்படிண்ணே எழுதுனீங்க?"

ஆசிரியரிடம் கேட்டுத் திருத்தம் போடுகிறேன் என்றேன். கேட்கவும் செய்தேன். "முடிஞ்ச கதை, விடுங்க" என்றார். விட்டுவிட்டேன்.

அண்ணன் விடவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் போன் செய்து வரச் சொன்னார். நாலு மாடி, லிஃப்ட் இல்லாத ஃபிளாட். முதுகில் பத்துக் கிலோ அரிசி வைத்த பேக். மேலே, போலீஸ் திருப்பிக் கொடுத்த அதே நீலக் கோட்டு. படிக்கட்டில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்.

பக்கத்து வீட்டுக்காரர் சுவரோரம் ஒதுங்கி நின்று, "எவரெஸ்ட் எந்த மாடிலண்ணே?" என்றார்.

"உன் வீட்டுக்கு மேலதான் லா. மெதுவா நட, பனி சரிஞ்சிடப் போவுது."

பத்தாவது முறை இறங்கியதும் கார் நிறுத்தும் இடத்தில் மழையில் அரை மணி நேரம் நின்றார். மேலே வந்து கோட்டைக் கழற்றினார். சட்டை பிழியும் அளவுக்கு நனைந்திருந்தது.

"ஒழுகுதாண்ணே?" என்று கேட்டேன்.

"ஒழுகல. கோட்டு நல்லாத்தான் இருக்கு. இது வேர்வைண்ணே. மோட்டார்ல சும்மா உக்காந்து போறோம், அது தெரியல. ஏறுனா உள்ளயே மழை பெய்யுது..."

குளிரில் உதடு நடுங்கியது. சரோஜா அக்கா துண்டை எடுத்து வந்து அவர் தலையைத் துவட்டினார்.

அதற்குப் பிறகு வேறு வேறு ஜாக்கெட்டுகள். அக்குளில் ஜிப் வைத்தது, வேர்வையை வெளியே விடும் துணி என்று சொல்லி விற்பது... எல்லாவற்றுக்கும் அதே படிக்கட்டு, அதே அரிசி. கழற்றியதும் முதலில் சட்டையைத் தொட்டுப் பார்ப்பார்.

சட்டை காய்ந்திருந்த நாட்களில்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியாது.

அடுப்புகள் ஏழு வைத்திருந்தார். ஐஸ் தண்ணீர் வாளிக்குள் இரண்டு கையையும் ஐந்து நிமிடம் வைத்திருந்துவிட்டு உடனே பற்றவைக்க வேண்டும். அதுதான் டெஸ்ட். பட்டன் வைத்த அடுப்பு ஈரத்தில் பொறி விடவில்லை. லைட்டரின் சின்னச் சக்கரத்தை மரத்துப்போன கட்டைவிரலால் சுற்ற முடியவில்லை. தினேஷின் பாக்கெட்டில் இருந்ததும் அப்படி ஒரு லைட்டர்தான்.

"ஏழு அடுப்பு இருக்கு, ஒரு டீ போட்டுக் குடுத்ததில்ல இந்த மனுசன்," என்றார் அக்கா.

"கைய வாளியிலேருந்து எடுக்க விடு, தாரேன்."

மூவரும் சிரித்தோம். அந்த வீட்டில் நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

போன மாதம் கடைசியாகப் பார்த்தேன். உண்மையாகவே டீ போட்டுக் கொடுத்தார். நான் குடித்துக்கொண்டிருக்கும்போது சொன்னார்.

"நீங்க எழுதுனது சரிதாண்ணே. தயாரிப்பு பத்தலதான். நான்தான் தெரியாம குடுத்துட்டேன்."

அப்போது நான் சொல்லியிருக்க வேண்டியது ஒன்று இருந்தது. ஏழாவது வரியை எந்த அதிகாரியும் என்னிடம் சொல்லவில்லை. மலையில் யார் இறந்தாலும் அந்த வரியைத்தான் நான் எழுதுவேன். கை தானாக எழுதிவிடும். கோட்டும் அடுப்பும் இருந்த விவரம் அன்றே என் நோட்டில் இருந்தது. இடமில்லை என்று விட்டது நான்.

சொல்லவில்லை. டீ நல்லா இருக்கு என்றேன்.

இன்று மதியம் எடுத்தார்கள். நல்ல மழை. பெட்டியை மூடும் முன் சரோஜா அக்கா நீலக் கோட்டை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்தார்.

"இத அவரோட வச்சிடவா, வேணாமாண்ணே?"

பிறகு அவராகவே உள்ளே கொண்டுபோய் எப்போதும் மாட்டும் ஆணியில் மாட்டிவிட்டு வந்தார்.

அந்தப் பேப்பர் இப்போது வருவதில்லை. அதனால் இங்கே...

திருத்தம்: தினேஷ் மழைக்கோட்டும் அடுப்பும் எடுத்துக்கொண்டுதான் மலையேறினான். வீட்டில் இருந்ததிலேயே நல்ல கோட்டு அது. 'போதிய தயாரிப்பின்றி' என்று எழுதும் முன் நான் யாரையும் கேட்கவில்லை.

ஆறு வருடம் தாமதம், நாகப்பண்ணே. போய் வாங்க.